விலை பேசி வச்சு வித்த கம்பெனிங்ககிட்ட சேர்ந்து நஷ்ட ஈடு கேக்குறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

கார்ட்டல் கேஸ்னு பேச்சு எடுத்தாலே ஒரே சந்தேகங்கள் தான் சுத்திச் சுத்தி வருது, அதுவும் சின்ன வியாபாரம் பண்றவங்ககிட்ட இருந்து. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விய கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே வச்சிருக்கேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால எது எந்த நாட்டு விஷயம்னு அங்கங்க சொல்லியிருக்கேன். வரிசையா படிங்க, பின்னாடி பதில்ல முன்னாடி சொன்னத திரும்ப விளக்க மாட்டேன்.

எல்லாரும் ஒரே விலைக்கு விக்கிறாங்க, அப்போ அது கார்ட்டல் தானே?

அது மட்டும் போதாதுங்க. ஒருத்தன் ஏத்துனத பாத்து அடுத்தவனும் தானா ஏத்துனா, வாங்குறவங்களுக்கு எரிச்சலா இருக்கும், ஆனா பெரும்பாலான நாடுகள்ல அது தப்பு இல்ல. ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போட வேண்டிய கம்பெனிங்க உள்ளுக்குள்ள பேசி, விலை எவ்வளவு, எவ்வளவு சரக்கு விடலாம், எந்த ஏரியா யாருக்கு, எந்த டெண்டர்ல யார் ஜெயிக்கணும், இதுல எதையாவது முடிவு பண்ணியிருந்தா அது கார்ட்டல். கையெழுத்து போட்ட பேப்பர் இருக்கணும்னு அவசியம் இல்ல, ஹோட்டல் ரூம்ல நடந்த பேச்சோ ஒரு இமெயிலோ போதும்.

ஐரோப்பாவுல நடந்த லாரி கேஸ் நல்ல உதாரணம். 1997-ல இருந்து 2011 வரைக்கும், 14 வருஷம், பெரிய லாரி கம்பெனிங்க தங்களோட லிஸ்ட் விலைய பத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டு இருந்தாங்க, புகைக் கட்டுப்பாட்டு விதி மாறுறப்போ அந்தச் செலவ எப்போ எப்படி கஸ்டமர் தலையில கட்டுறதுன்னும் பேசினாங்க. ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய யூனியன்ல போட்டிச் சட்டத்த அமல்படுத்துற அமைப்பு) 2016 ஜூலைல 293 கோடி யூரோ ஃபைன் போட்டுச்சு, ஒத்துக்காம நின்ன ஸ்கேனியாவுக்கு 2017-ல தனியா 88 கோடி யூரோ. இந்த கேஸ் கீழ நிறைய தடவ வரும்.

அதான் ஃபைன் போட்டுட்டாங்களே, அந்தக் காசுல நமக்கு பங்கு வராதா?

வராது. ஃபைன் அரசாங்க கஜானாவுக்குப் போகுது, ஐரோப்பிய ஆணையம் போட்டா ஐரோப்பிய யூனியன் பட்ஜெட்டுக்குப் போகுது. கூடுதல் விலை குடுத்த நமக்கு அதுல ஒரு பைசா கிடையாது. நம்ம பணம் திரும்ப வரணும்னா நாம தான் சிவில் கோர்ட்டுலயோ தீர்ப்பாயத்துலயோ தனியா கேக்கணும்.

எனக்கு இதுல தான் ரொம்ப வருத்தம். ஃபைன் நியூஸ் வந்த அன்னைக்கு எல்லாரும் நியாயம் கிடைச்சிடுச்சுன்னு நினைச்சு அமைதியாயிடறாங்க. நம்ம வேலை அன்னைக்கு தான் ஆரம்பிக்குது, கேஸ் போடுறதுக்கான கெடுவும் பல நேரம் அன்னைக்கோ அத ஒட்டியோ ஓட ஆரம்பிச்சிடும்.

நாங்க வாங்குனதே கொஞ்சம் தான், இதுக்குப் போய் கேஸா?

தனியா போட்டா கட்டுப்படி ஆகாது, உண்மை. ஒரு கார்ட்டல் கேஸுக்கு பொருளாதார எக்ஸ்பர்ட் வேணும், ஆயிரக்கணக்கான பக்கம் டாக்குமென்ட் பாக்க ஆள் வேணும், பல வருஷம் தாங்கணும். நீங்க ஒரு லாரி வாங்கியிருந்தாலும் ஐயாயிரம் லாரி வாங்கியிருந்தாலும் அந்த எக்ஸ்பர்ட் ரிப்போர்ட்டுக்கு ஆகுற செலவு கிட்டத்தட்ட ஒண்ணு தான். அந்தச் செலவ பிரிச்சுக்கத்தான் குரூப்.

இன்னொரு காரணமும் இருக்கு. கார்ட்டல் பண்றவங்க கணக்கே நம்ம மேல தான், ஒவ்வொருத்தன்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா எவனும் கேஸ் போட மாட்டான்னு. ஆஸ்திரேலியாவுல அட்டைப்பெட்டி விலைய ரெண்டு பெரிய கம்பெனிங்க பேசி வச்சிருந்தப்போ, குரூப் கேஸ முன்னாடி நின்னு நடத்துனது பழம் பேக் பண்ற ஒரு சின்ன கம்பெனி தான். 2011-ல 9.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் செட்டில்மென்ட் வந்துச்சு.

குரூப்னா சைன் போட்டு சேரணுமா, இல்ல தானாவே உள்ள இருப்போமா?

ரெண்டு மாதிரியும் இருக்கு, எந்த நாட்டுல கேஸ் நடக்குதுங்கறத பொறுத்தது. முதல் வகைல பேர் குடுத்தவங்க மட்டும் தான் உள்ள. ரெண்டாவது வகைல பாதிக்கப்பட்ட எல்லாரும் தானாவே உள்ள, வேணாம்னா நீங்க தான் எழுதிக் குடுத்து வெளிய வரணும். அமெரிக்காவுல நஷ்ட ஈட்டுக்கான க்ளாஸ் ஆக்‌ஷன் ரெண்டாவது வகை. பிரிட்டன்ல போட்டி மேல்முறையீட்டு தீர்ப்பாயத்துல 2015 அக்டோபர்ல இருந்து ரெண்டுமே உண்டு, எது பொருந்தும்னு தீர்ப்பாயம் பாத்து சொல்லும். மூணாவதா ஒரு வழி இருக்கு, நம்ம உரிமைய வேற ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுத்து அது தன் பேர்ல கேஸ் போடுறது, ஜெர்மனில இது ஜாஸ்தி. அத கீழ தனியா சொல்றேன்.

பொதுமக்கள் வாங்குன சின்னப் பொருளுக்கு பேர் குடுத்து சேர்ற முறை எடுபடவே இல்ல. பிரிட்டன்ல கால்பந்து டீம் சட்டை விலைய பேசி வச்ச கேஸ்ல ஒரு நுகர்வோர் அமைப்பு 2007-ல வழக்கு போட்டுச்சு, வித்தது லட்சக்கணக்குல, ஆனா பேர் குடுத்தது நூத்துச் சொச்சம் பேர். அவங்களுக்கு ஆளுக்கு 20 பவுண்ட் கிடைச்சுது. அதுக்கப்புறம் தான் அங்க சட்டத்தையே மாத்துனாங்க. லாரி மாதிரி பெரிய பொருள், வாங்குனவங்க யார்னு தெரியும், பில் இருக்கும்ங்கற இடத்துல பேர் குடுக்குற முறை நல்லாவே வேலை செய்யும். பிரிட்டன்ல லாரி கேஸுக்கு ரெண்டு குரூப் போட்டி போட்டப்போ 2022-ல தீர்ப்பாயம் தேர்ந்தெடுத்தது லாரி ஓனர்ஸ் சங்கம் கொண்டு வந்த பேர் குடுக்குற முறைய தான்.

எங்க சங்கமே முன்னாடி நின்னு நடத்தலாமா? தலைவர் நல்லவரு தான்

நடத்தலாம், பல இடத்துல சங்கம் தான் சரியான ஆள், மெம்பர் லிஸ்ட் கைல இருக்கு, நம்பிக்கையும் இருக்கு. ஆனா நல்லவருங்கறது பத்தாது. தோத்தா எதிர்ப்பக்க செலவ கட்ட வழி இருக்கா, மெம்பர்களுக்குள்ள முரண்பாடு வந்தா யார் முடிவு பண்றது, தலைவருக்கோ சங்கத்துக்கோ அந்த கம்பெனிங்ககிட்ட இருந்து ஸ்பான்சர், விளம்பரம், டீலர்ஷிப் ஏதாவது வருதா, இத்தனையும் கோர்ட் கேக்கும். கோர்ட் கேக்குறதுக்கு முன்னாடி மெம்பர்கள் கேக்கணும்.

நான் எல்லார்கிட்டயும் வற்புறுத்துற ஒரே விஷயம், யாரும் சைன் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துல எளிய மொழில எழுதி குடுத்துடணும்: வர்ற பணத்துல முதல்ல யாருக்கு போகும், எவ்வளவு வரைக்கும் போகும், மெம்பருக்கு எப்போ வரும், செட்டில்மென்ட்டுக்கு யார் சரி சொல்லணும், பாதில விலகுனா என்ன. வக்கீல் எழுதுன 40 பக்க ஒப்பந்தம் தனியா இருக்கட்டும். குரூப் உடையுறது பெரும்பாலும் கோர்ட்டுல இல்ல, பணம் வர்ற நேரத்துல, அப்போ இந்த ரெண்டு பக்கம் தான் காப்பாத்தும்.

ஆணையம் இன்னும் தீர்ப்பே சொல்லல, அதுக்கு முன்னாடியே கேஸ் போடலாமா?

பல நாட்டுல போடலாம், ஆனா கார்ட்டல் இருந்துச்சுன்னு நீங்களே நிரூபிக்கணும், ரகசியமா நடந்த விஷயத்துக்கு ஆதாரம் கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். ஆணையம் முடிவு சொன்னதுக்கு அப்புறம் போட்டா அந்தப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஐரோப்பாவுல ஆணையத்தோட முடிவுக்கு எதிரா நாட்டு கோர்ட் தீர்ப்பு சொல்ல முடியாது, அதனால கார்ட்டல் இருந்துச்சாங்கற சண்டையே கிடையாது, எவ்வளவு நஷ்டம்ங்கறது மட்டும் தான் மிச்சம். இந்தியாவுல போட்டிச் சட்டம் 2002-ஓட 53-என் பிரிவு படி இந்தியப் போட்டி ஆணையமோ மேல்முறையீட்டு தீர்ப்பாயமோ தப்புன்னு சொன்னதுக்கு அப்புறம் தான் நஷ்ட ஈடு மனு, அது தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டு தீர்ப்பாயத்துக்கு போகும், ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட நிறைய பேர் சார்புல சிலர் அனுமதி வாங்கிப் போடவும் அதுல இடம் இருக்கு.

ஆணையம் சொன்னதோட முடிஞ்சுதுன்னும் நினைக்க வேணாம். இந்தியாவுல சிமென்ட் கம்பெனிங்க மேல 2012-ல சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டாங்க, அப்பீல்ல திரும்பி வந்து 2016-ல மறுபடி ஆர்டர், 2018-ல அப்பீல் தீர்ப்பாயம் அத உறுதி பண்ணுச்சு, அதுக்கப்புறம் உச்ச நீதிமன்றம்னு போச்சு. இந்த வருஷங்கள் பூராவும் குரூப் கலையாம இருக்கணும்ங்கறத மனசுல வச்சுக்கங்க.

10 வருஷம் ஆகிப் போச்சே, இனிமே கேக்க முடியுமா?

சில நேரம் முடியும். கெடு எத்தன வருஷம்ங்கறத விட எந்த தேதில இருந்து எண்ணுறாங்கங்கறது தான் முக்கியம். ஐரோப்பிய யூனியன்ல நஷ்ட ஈடு பத்தின 2014 வழிகாட்டுச் சட்டம் படி குறைஞ்சது 5 வருஷம், அதுவும் கார்ட்டல் நின்னு போய், யார் பண்ணாங்க, நமக்கு நஷ்டம்னு தெரிஞ்ச பிறகு தான் ஓடும், ஆணையம் விசாரிக்கிற காலத்துல ஓடாம நிக்கும். லாரி கேஸ்ல ஐரோப்பிய நீதிமன்றம் 2022-ல சொன்னது, ஃபைன் போட்ட அன்னைக்கு வந்த பத்திரிகைச் செய்தி பத்தாது, முடிவோட சுருக்கம் 2017 ஏப்ரல் 6-ல அதிகாரப்பூர்வ இதழ்ல வந்துச்சே, அதுல இருந்து எண்ணனும்னு. எவ்வளவு பேருக்கு அந்த மாசக் கணக்கு கேஸ காப்பாத்தியிருக்கும்!

அமெரிக்காவுல 4 வருஷம், மறைச்சு வச்சிருந்தாங்கன்னு காட்டுனா நீளும். இதுல மட்டும் தயவு செஞ்சு இந்தப் பக்கத்த நம்பி உக்காந்துடாதீங்க, உங்க நாட்டு வக்கீல்கிட்ட முதல் கேள்வியே இதுவா இருக்கட்டும்.

பழைய பில் எல்லாம் தூக்கிப் போட்டாச்சு, அப்போ அவ்வளவு தானா?

இல்ல. ஆடிட்டர் ஃபைல், பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய கம்ப்யூட்டர் பேக்கப், வண்டின்னா ரெஜிஸ்ட்ரேஷன், லோன் இல்ல லீஸ் ஒப்பந்தம், இதுல இருந்து நிறைய மீட்டு எடுக்கலாம். வித்தவன்கிட்டயே விற்பனை கணக்கு இருக்கும், கோர்ட் மூலமா அத கேட்டு வாங்கலாம். முதல் வேலை, இன்னைக்கே எதையும் அழிக்கிறத நிறுத்துங்க, ஆபீஸ்ல பழைய ஃபைல எடைக்கு போடுறவங்ககிட்டயும் சொல்லிடுங்க.

பில் இருக்குறவங்களும் ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரு பில்ல எடுத்து மேஜை மேல வச்சுப் பாருங்க: தேதி, பொருள், அளவு, லிஸ்ட் விலை, கழிவு, நிகர விலை, டெலிவரி சார்ஜ். பாத்தா முழுசா இருக்குற மாதிரி தெரியும். ஆனா வருஷக் கடைசில மொத்த கொள்முதல பாத்து ஒரு கிரெடிட் நோட் வந்திருக்கும், பழைய வண்டிய எடுத்துக்கிட்டு புதுசு குடுத்திருந்தா அந்த பழைய வண்டிக்கு கொஞ்சம் ஜாஸ்தி விலை போட்டு மறைமுகமா கழிவு குடுத்திருப்பாங்க, இலவச சர்வீஸ்னு ஒண்ணு சேர்த்திருப்பாங்க. இது எதுவும் அந்த பில்லுல இருக்காது, வேற ஃபைல்ல இருக்கும். இத விட்டுட்டு நிகர விலைய மட்டும் டைப் பண்ணி அனுப்புனா எதிர்ப்பக்க எக்ஸ்பர்ட் முதல் நாளே அத தான் பிடிப்பாரு, அப்புறம் உங்க மொத்த கணக்கு மேலயும் சந்தேகம் வரும். ஸோ ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரு வரி, அதுல பில் நம்பர், பொருள், நிகர விலை, அதுக்கு அப்புறம் வந்த எல்லா கழிவும் தனித்தனி கட்டம், ஒறிஜினல் எந்த ஃபைல்ல இருக்குன்னு ஒரு கட்டம்.

இன்னொண்ணு, கார்ட்டல் நடந்த காலத்து பில் மட்டும் போதும்னு நினைச்சு அத மட்டும் அனுப்புறாங்க. கார்ட்டலுக்கு முன்னாடியும் முடிஞ்ச பிறகும் வாங்குன பில்லும் வேணும். ஏன்னு அடுத்த பதில்ல.

எவ்வளவு கூடுதலா குடுத்தோம்னு எப்படிங்க கண்டுபிடிப்பாங்க?

கார்ட்டலே இல்லன்னா விலை என்னவா இருந்திருக்கும்னு மதிப்பிட்டு, நீங்க குடுத்ததுல இருந்து கழிக்கிறது தான். அதிகமா பண்றது முன்-பின் ஒப்பீடு: கார்ட்டல் நடந்த வருஷ விலையையும் அதுக்கு முன்ன பின்ன வருஷ விலையையும் வச்சுப் பாத்து, இரும்பு விலை, டிமாண்ட், மாடல் மாற்றம்னு மத்த காரணங்கள புள்ளியியல் கணக்குல தனியா பிரிச்சு எடுத்துட்டு, மிச்சம் நிக்கிறத கார்ட்டலோட வேலைன்னு சொல்றது. கார்ட்டல் நுழையாத வேற நாட்டு விலையோடயும் ஒப்பிடலாம்.

ஐரோப்பிய ஆணையத்துக்காக 2009-ல பண்ண ஒரு ஆய்வுல, பாத்த கார்ட்டல்கள்ல 100-க்கு 93-ல விலை கூடியிருந்துச்சுன்னு வந்துச்சு. அதனால 2014 சட்டத்துல கார்ட்டல்னாலே நஷ்டம் இருக்குன்னு தான் கோர்ட் ஆரம்பிக்கணும், இல்லன்னு நிரூபிக்கிறது கம்பெனி வேலை. ஹங்கேரில 10 சதவீதம்னே ஒரு ஊகம் சட்டத்துல இருக்கு. பிரிட்டன்ல தபால் கம்பெனி ராயல் மெயிலும் டெலிபோன் கம்பெனி பி.டி-யும் போட்ட லாரி கேஸ்ல டாஃப் கம்பெனி விலை கூடவே இல்லன்னு வாதாடுச்சு, 2023-ல தீர்ப்பாயம் ரெண்டு எக்ஸ்பர்ட்டையும் முழுசா ஏத்துக்காம நியாயமா ஒரு மதிப்பு போட்டு 5 சதவீதம்னு முடிவு பண்ணுச்சு. 5 சதவீதம்னா கம்மியா தெரியும், ஆனா வருஷக்கணக்கா வட்டியும் சேரும், பழைய கார்ட்டல்ல வட்டியே ஒரு பெரிய தொகையா நிக்கும்.

நாங்க தான் அந்த விலைய எங்க கஸ்டமர் மேல ஏத்திட்டோமே, அப்புறம் எங்களுக்கு என்ன நஷ்டம்?

கம்பெனிங்க வைக்கிற முதல் வாதமே இதான். ஐரோப்பாவுல அந்த வாதத்துக்கு இடம் உண்டு, ஆனா நீங்க ஏத்துனீங்கன்னு காட்ட வேண்டியது அவங்க. அப்படியே ஏத்தியிருந்தாலும் விலை ஏறுனதால உங்க விற்பனை குறைஞ்சிருந்தா அந்த நஷ்டத்த கேக்கலாம். அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல 1968 தீர்ப்புல இருந்து நேரடியா வாங்குனவர்கிட்ட இந்த வாதத்தையே பொதுவா வைக்க முடியாது, நிரூபிச்ச நஷ்டத்துக்கு மூணு மடங்கும் கிடைக்கும்.

இதுல ஒரு வேண்டுகோள்: கார்ட்டல் செலவ அப்படியே கஸ்டமர்கிட்ட வாங்கிட்டோம்னு பழைய இமெயில்ல பெருமையா எழுதியிருந்தா அத மறைக்க நினைக்காதீங்க, வக்கீல்கிட்ட முதல்லயே காட்டுங்க. டாக்குமென்ட் பரிமாற்றத்துல எப்படியும் வெளிய வரும், அழிச்சது தெரிஞ்சா குரூப்ல இருக்குற எல்லாருக்கும் சேர்த்து அடி விழும்.

நான் கம்பெனிகிட்ட வாங்கல, டீலர்கிட்ட தான் வாங்குனேன். நான் கேக்கலாமா?

ஐரோப்பா, பிரிட்டன், கனடாவுல கேக்கலாம். அமெரிக்காவுல 1977-ல இருந்து ஃபெடரல் சட்டத்துல நஷ்ட ஈடு நேரடியா வாங்குனவங்களுக்குத் தான், ஆனா நிறைய மாநிலங்கள் தங்க சட்டத்துல மறைமுகமா வாங்குனவங்களுக்கும் வழி வச்சிருக்காங்க, எல்சிடி பேனல் கேஸ்ல டிவி, கம்ப்யூட்டர் வாங்குனவங்களுக்கு நூறு கோடி டாலருக்கு மேல செட்டில்மென்ட் வந்தது அந்த வழில தான்.

நான் வாங்குனது கார்ட்டல்ல இல்லாத கம்பெனிகிட்ட, ஆனா அவனும் விலைய ஏத்திட்டான்

இது நல்ல கேள்வி. சந்தையே ஏறி நிக்கிறப்போ வெளியாளும் ஏத்துவான், அவன் மேல தப்பு இல்ல. ஆஸ்திரிய ரயில்வே கம்பெனி லிஃப்ட் கார்ட்டல் விஷயத்துல இதையே தான் கேட்டுச்சு, 2014-ல ஐரோப்பிய நீதிமன்றம், அந்த நஷ்டத்தையும் கார்ட்டல் கம்பெனிங்ககிட்ட கேக்குறத சட்டத்தால மொத்தமா தடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நிரூபிக்கிறது கஷ்டம், ஆனா அந்த பில்ல ஒதுக்கி வைக்காம லிஸ்ட்ல சேர்த்து வைங்க.

செலவு யார் குடுப்பா? தோத்தா எங்க தலைல விழுமா?

பிரிட்டன், ஜெர்மனி மாதிரி நாட்டுல தோத்தவங்க எதிர்ப்பக்க செலவையும் கட்டணும். அதனால தான் வழக்குக்கு பணம் போடுற ஃபண்டர் கம்பெனிங்க வருது, ஜெயிச்சா பங்கு, தோத்தா அவங்க நஷ்டம், கூடவே எதிர்ப்பக்க செலவுக்கு இன்சூரன்ஸ். எழுத்துல பாக்க வேண்டியது: எதிர்ப்பக்க செலவு மெம்பர் மேல எந்த நிலைலயும் வராதுன்னு இருக்கா, ஃபண்டர் பாதில ஓடிப்போனா என்ன, ஃபண்டர் பங்குக்கு உச்சவரம்பு உண்டா.

பணம் இல்லாம சும்மா ஒரு கம்பெனிய முன்னாடி நிறுத்துனா என்ன ஆகும்னு ஜெர்மன் சிமென்ட் கேஸ் காட்டுது. வாங்குனவங்க உரிமைய எல்லாம் சேர்த்து ஒரு கம்பெனி 2005-ல கேஸ் போட்டுச்சு, தோத்தா எதிர்ப்பக்க செலவு கட்ட அதுகிட்ட பணமே இல்லங்கற காரணத்தால உரிமை எழுதிக் குடுத்ததே செல்லாதுன்னு டுசெல்டார்ஃப் கோர்ட் 2013-ல தள்ளிடுச்சு, 2015-ல அப்பீலும் போச்சு. பத்து வருஷ உழைப்பு. அப்புறம் பிரிட்டன்ல 2023 ஜூலைல லாரி கேஸ்லயே உச்ச நீதிமன்றம், ஜெயிச்ச தொகைல சதவீதம்னு எழுதுன ஃபண்டர் ஒப்பந்தங்கள் அந்த நாட்டுச் சட்டப்படி செல்லாதுன்னு சொன்னதும் பல குரூப்பு ஒப்பந்தத்த திருப்பி எழுத வேண்டியதாச்சு. ஃபண்டர் ஒப்பந்தத்த வேற ஒரு வக்கீல வச்சு சரிபாக்குற செலவு வீண் செலவு இல்ல.

என் உரிமையவே வேற கம்பெனிக்கு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க, பயமா இருக்கு

பயப்படாம கேள்வி கேளுங்க. எழுதிக் குடுத்தா கேஸ் உங்க பேர்ல இருக்காது, முடிவும் உங்க கைல இருக்காது, ஜெயிச்சா ஒப்பந்தப்படி பங்கு வரும். கேஸ் நடக்காம போனா உரிமை திரும்ப உங்களுக்கே வருமா, அதுக்குள்ள கெடு முடிஞ்சிடாதா, இந்த ரெண்டுக்கும் எழுத்துல பதில் வேணும்.

ஜெர்மனில நடந்த ஒரு கேஸ்ல மரம் அறுக்கிற மில்லுங்க, 32 பேரு, தங்க உரிமைய இப்படி ஒரு கம்பெனிக்கு குடுத்து நார்த் ரைன் வெஸ்ட்ஃபேலியா மாநிலத்து மேலயே கேஸ் போட்டாங்க, காட்டு மரத்த மாநிலமும் மத்த காட்டு ஓனர்களும் சேர்ந்து ஒரே விலைக்கு வித்தாங்கன்னு. இந்த மாதிரி எழுதிக் குடுக்குறது சட்டப்படி செல்லாதுன்னு மாநிலம் வாதாடுச்சு. 2025 ஜனவரி 28-ல ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது, சேர்ந்து கேக்க வேற நல்ல வழி இல்ல, தனித்தனியா போடவும் முடியாத அளவுக்கு கஷ்டம்னா, இந்த வழிய நாட்டுச் சட்டம் அடைக்கக் கூடாது. சின்ன மில்லுக்காரங்களுக்கு கிடைச்ச ரொம்ப பெரிய வாசல் இது.

அஞ்சு கம்பெனில ஒண்ணு மட்டும் செட்டில் பண்றேன்னு வருது, வாங்கிக்கலாமா?

கார்ட்டல்ல இருந்த ஒவ்வொரு கம்பெனியும் மொத்த நஷ்டத்துக்கும் பொறுப்பு, நீங்க யார்கிட்ட வாங்கியிருந்தாலும் யார்கிட்ட வேணா முழுசும் கேக்கலாம். அதனால முதல்ல ஒருத்தர்கிட்ட செட்டில் பண்ணி அந்தக் காசுல கேஸ தொடர்றது நல்ல வழி தான். சிக்கல் என்னன்னா, ஐரோப்பாவுல ஒருத்தர்கிட்ட செட்டில் பண்ணா அவர் குடுத்த காசு கழியாது, மொத்த நஷ்டத்துல அவரோட பங்கு கழியும். பெரிய பங்கு உள்ள கம்பெனிகிட்ட சொற்ப காசுக்கு முடிச்சுட்டா மிச்சத்த மத்தவங்ககிட்ட கேக்க முடியாம போயிடும். அமெரிக்காவுல கணக்கு வேற, மூணு மடங்கு ஆக்கிட்டு அப்புறம் வாங்குன தொகைய மட்டும் கழிப்பாங்க. ஸோ சந்தைப் பங்கு சின்னதா இருக்குற கம்பெனி முதல்ல வந்தா பேசுங்க, பெரிசு வந்தா எக்ஸ்பர்ட் கணக்கு கைல வர்ற வரைக்கும் அவசரப்படாதீங்க.

காட்டிக் குடுத்தவன ஃபைன்ல இருந்து விட்டுட்டாங்க, நாமளும் விட்டுடணுமா?

தேவையில்ல. லாரி கேஸ்ல எம்.ஏ.என் கம்பெனி தான் கார்ட்டல பத்தி ஆணையத்துகிட்ட முதல்ல சொல்லுச்சு, அதனால ஃபைன் கட்டல, ஆனா நஷ்ட ஈட்டுல இருந்து தப்பிக்க முடியாது. சலுகை கொஞ்சம் இருக்கு: ஐரோப்பாவுல அவங்க தங்ககிட்ட நேரடியாவோ மறைமுகமாவோ வாங்குனவங்களுக்குத் தான் முதல்ல பொறுப்பு, மத்தவங்களுக்கு வேற யார்கிட்டயும் முழுசா கிடைக்கலன்னா மட்டும். அமெரிக்காவுல கேஸ் போட்டவங்களுக்கு ஒத்துழைச்சா மூணு மடங்கு கிடையாது. அவங்க ஆணையத்துகிட்ட குடுத்த வாக்குமூலத்த ஐரோப்பாவுல நாம கேட்டு வாங்க முடியாது, ஆனா அதுக்கு முன்னாடியே இருந்த இமெயில், மீட்டிங் குறிப்பு மாதிரி டாக்குமென்ட்ட கேக்கலாம்.

பண்ணுன கம்பெனிய மூடிட்டு வேற பேர்ல நடத்துறாங்க

2019-ல ஃபின்லாந்து தார் ரோடு கார்ட்டல் கேஸ்ல வான்டா நகராட்சி கேட்டதும் இதே தான். பழைய கம்பெனிய கலைச்சுட்டு தொழில மட்டும் எடுத்துக்கிட்டு நடத்துனவங்க பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கிட்டாங்கன்னு ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு.

கேஸ் போட்டா சரக்கு குடுக்க மாட்டாங்களே?

எனக்கு வர்ற கேள்விகள்ல இதுக்கு தான் லேசா பதில் சொல்ல முடியாது. அந்த பயம் நியாயமானது, ஒரே சப்ளையர நம்பி இருக்குறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. எல்லாரும் தானா உள்ள இருக்குற முறைல தனியா உங்க பேரு முன்னாடி நிக்காது, எழுதிக் குடுக்குற முறைலயும் வழக்காளி வேற கம்பெனி. குரூப்ல பெரிய வாங்குறவங்க ரெண்டு மூணு பேர் இருந்தா சப்ளையருக்கும் கை வைக்க யோசனை வரும், அதனால முதல்ல அவங்கள சேருங்க. சப்ளை நிறுத்துறேன்னு மிரட்டுனா தேதியோட எழுதி வைங்க, ஃபோன்ல சொன்னா அன்னைக்கே அத ஒரு இமெயிலா அவங்களுக்கே அனுப்பி வைங்க.

புதுசு வாங்குனவங்களும் செகண்ட் ஹேண்ட் வாங்குனவங்களும் ஒரே குரூப்ல இருக்கலாமா?

இருக்கலாம், ஆனா ரெண்டு பேர் நலனும் ஒரு இடத்துல மோதும். புதுசு வாங்குனவர் பின்னாடி வித்தப்போ கூடுதல் விலைய அடுத்தவர் மேல தள்ளிட்டாரான்னு கேள்வி வந்தா, இல்லன்னு சொல்றது அவருக்கு லாபம், ஆமான்னு சொல்றது பழசு வாங்குனவருக்கு லாபம். பிரிட்டன் லாரி கேஸ்ல 2023-ல அப்பீல் கோர்ட் இத பிடிச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் பேச முடியாது, பிரிச்சு தனி ஏற்பாடு பண்ணுங்கன்னு சொல்லுச்சு. குரூப் கூட்டுறப்போவே இத யோசிச்சு தனி வக்கீல், தனி எக்ஸ்பர்ட் வச்சுடறது நல்லது.

ஜெயிச்சா ஆளுக்கு எவ்வளவு வரும், உண்மையச் சொல்லுங்க

பொதுமக்கள் கேஸ்ல பெரும்பாலும் சின்னத் தொகை. பிரிட்டன்ல கார்டு கட்டணம் சம்பந்தமா மாஸ்டர்கார்ட் மேல 2016-ல போட்ட கேஸ், கார்ட்டல் கேஸ்னு நேரா சொல்ல முடியாது ஆனா குரூப் முறைக்கு பாடம், சுமார் 4.6 கோடி பேருக்காக 1,400 கோடி பவுண்ட் கேட்டாங்க, கடைசில 20 கோடி பவுண்ட்ல முடிஞ்சுது, பணம் போட்ட ஃபண்டரே அது கம்மின்னு எதிர்த்தாரு. கனடாவுல ரொட்டி விலைய பேசி வச்ச விஷயத்துல முதல்ல 25 டாலர் கிஃப்ட் கார்டு குடுத்தாங்க, 2024-ல ரெண்டு கம்பெனி சேர்ந்து 50 கோடி கனடா டாலர் செட்டில்மென்ட்டுக்கு ஒத்துக்கிச்சு. நிறைய வாங்குன வியாபாரிகளுக்கு கணக்கு வேற, அவங்க கொள்முதல் மதிப்ப பொறுத்து நிஜமான தொகை வரும். வாங்குன மதிப்புக்கு ஏத்தபடி பிரிக்கிறது தான் எனக்கு சரின்னு படுது, கூடவே ரொம்ப சின்ன ஆளுக்கு ஒரு குறைஞ்சபட்சத் தொகை வைக்கணும், ஃபார்ம் நிரப்புற கஷ்டத்துலயே அவங்க விட்டுடாம இருக்க.

குரூப் மீட்டிங்ல எல்லாரும் என்ன விலைக்கு வாங்குறோம்னு பேசுனா நாங்களே கார்ட்டல் ஆயிட மாட்டோமா?

ஆக வாய்ப்பு இருக்கு, கேட்டதுக்கு நன்றி. குரூப்ல இருக்குறவங்க சந்தைல ஒருத்தருக்கொருத்தர் போட்டியாளர். பழைய நஷ்டத்துக்கு கேஸ் போடுறது தப்பே இல்ல, ஆனா அந்த சாக்குல இப்போ வாங்குற விலை, அடுத்த வருஷம் குடுக்கப் போற ரேட், யார் எந்த டெண்டர்ல போறாங்கன்னு பேசுனா அது வேற விஷயம் ஆயிடும். வாட்ஸ்அப் குரூப்ல பில் ஃபோட்டோ போடுறத முதல் நாளே நிறுத்துங்க. ஒவ்வொருத்தரும் தன் கணக்க வக்கீல் ஆபீஸுக்கோ எக்ஸ்பர்ட்டுக்கோ மட்டும் நேரா அனுப்பணும், ரகசிய ஒப்பந்தம் போட்டு, அவங்க மொத்தமா கூட்டுன எண்ண மட்டும் மெம்பர்களுக்கு காட்டட்டும். மீட்டிங்குக்கு முன்னாடியே பேசப் போற விஷயங்கள எழுதி வச்சு, வக்கீல் ஒருத்தர் கூட இருந்து, யாராவது இன்னைக்கு ரேட்ட பத்தி ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்தி, நிறுத்துனோம்ங்கறதையும் மினிட்ஸ்ல எழுதிடுங்க.